மகனை எலெக்ட்ரீசியனுக்கு விடலாமோ எண்டு கேட்ட தம்பிக்கு

தம்பி, மகன் கனடாவில, ஸ்காபரோவில 11ஆம் வகுப்பு, எலெக்ட்ரீசியன் வேலை பழகப்போறன் எண்டு நிக்கிறான், விடலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். வீட்டு வாடகை, கார் இன்சூரன்ஸ் பற்றியும் கேட்டனீங்கள். அதுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கினம். மகன்ர விஷயத்துக்கு நான் சொல்லுறன். விடுங்கோ.

ஒன்டாரியோவில ஓயாப் (OYAP) எண்டு, பள்ளிக்கூடப் பெடியள் தொழில் பழகிற ஒரு திட்டம் இருக்கு. 11, 12ஆம் வகுப்பில கோ-ஓப் பாடமா வேலைத்தளத்துக்குப் போகலாம். கிரெடிட்டும் கிடைக்கும், அப்ரண்டிஸா, அதாவது தொழில் பழகிறவனாப் பதிஞ்சால், அங்க வேலை செய்த மணித்தியாலமும் தொழில் பயிற்சிக் கணக்கில சேரும். எலெக்ட்ரீசியன் தொழிலில ரெண்டு பிரிவு, 309ஏ, 309சி எண்டு இருக்கு; 309ஏ எண்டு கேட்டுச் சேருங்கோ. 309சி வீடு, பண்ணையோட நிண்டிடும். 309ஏ எடுத்தவன் ஆஸ்பத்திரி, கொண்டோ மாடிக்கட்டிடம் எண்டு எங்கையும் போவான். மொத்தம் 9000 மணித்தியாலம், கிட்டத்தட்ட 5 வருஷம். அதுக்குள்ள எட்டு, பத்து, பத்துக் கிழமையா மூண்டு தரம் வகுப்பு.

ஒண்டை மட்டும் இறுக்கிப் பிடியுங்கோ. பள்ளிக்கூடம் முடிச்சுச் சம்பளத்துக்குப் போகேக்க, பதிவு ஒப்பந்தத்தில முதலாளி கையெழுத்து வைக்காமல் ஒரு நாளும் வேலைக்கு விடாதேங்கோ. பதிவில்லாமல் இந்த வேலை செய்யிறது சட்டப்படி பிழை. நான் வந்த புதுசில எங்கட ஆள் ஒருத்தர் "பிறகு பாப்பம் தம்பி" எண்டு சொல்லிச் சொல்லியே கையில காசு தந்து வச்சிருந்தார். ஹீட்டர் பூட்டாத புது வீடுகளில, ஜனவரிக் குளிரில லூமெக்ஸ் இழுத்தனான். குளிருக்கு அந்த வயர் விறைச்சு வளையாது, விரல் வெடிச்சு ரத்தம் வரும். ஒரு மணித்தியாலம்கூட என்ர கணக்கில ஏறேல்லை. ஊர்க்காரன் எண்ட உறவைச் சொல்லி இளம் பெடியளின்ர வருஷங்களைத் தின்னுறவை இப்பவும் இருக்கினம்.

கலியாண வீட்டில எலெக்ட்ரீசியன் எண்டதும் முகத்தைத் திருப்புற சனமும் இருக்கு. அதே சனம்தான் பேஸ்மெண்டை வாடகைக்கு விட, பெர்மிட் இல்லாமல் ஆரையோ பிடிச்சு வயர் இழுப்பிக்கிறது. அவையின்ர கதையைக் கேட்டு மகனை மறிக்காதேங்கோ. ஆனா கணிதத்தை அவன் விடக்கூடாது. மூண்டு பேஸ், பவர் ஃபாக்டர் எண்டு கரண்ட் கணக்குகள் வரேக்க திரிகோண கணிதம் இல்லாமல் நகரேலாது. கைவேலையில கெட்டிக்காரப் பெடியள் பலர் அந்த இடத்திலதான் நிண்டுபோனவை.

ஊரில வயரிங் தெரிஞ்ச ஆக்கள் வீட்டில இருந்தால் அவனுக்குப் பழக்க விடாதேங்கோ. ஊர்ப் பழைய வயரிங்கில சிவப்பு லைன் (கரண்ட் வாற வயர்), கறுப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்). இஞ்ச கறுப்புத்தான் லைன், வெள்ளை நியூட்ரல். யாழ்ப்பாணத்தில மாமாவோட நிண்டு பழகின கை என்ர கை. அது லேசில மாறாது. துண்டு வயரைக் கொண்டுவந்து இரவிரவா மேசையில பிளக் பொயின்ற் பூட்டிக் கழட்டுவன்: கறுப்பு பித்தளை ஸ்குரூவுக்கு, வெள்ளை வெள்ளி ஸ்குரூவுக்கு. அப்பிடித்தான் கையை மாத்தினனான். இப்ப என்னட்டப் பழக வாற பெடியளுக்கும், கரண்ட் இல்லாத பலகையில, முதல் கிழமை முழுக்க அதுதான் வேலை. பள்ளிக்கூடத்தில கைடன்ஸ் ஆசிரியரைப் பிடியுங்கோ. இடம் கிடைக்காட்டி எழுதுங்கோ, ஒழுங்காப் பதிஞ்சு வேலை தாற ஆக்களை எனக்குத் தெரியும்.