பேப்பரில் பேர் வருகிறது, பெயர் எடுக்க முடியவில்லையே?

கேள்வி: கோவை பக்கம் சிறுதானியத் தின்பண்டம் தயாரிக்கிறோம். 40 பேர் வேலை செய்கிறார்கள். ஆறு மாதமாக ஒரு பி.ஆர். (மக்கள் தொடர்பு) ஏஜென்சி வைத்திருக்கிறோம். நாலைந்து பத்திரிகைகளில் செய்தி வந்தது, விற்பனை கூடவில்லை. போன மாதம் பாக்கெட்டில் பூச்சி என்று ஒருவர் வீடியோ போட்டபோது என்ன சொல்வதென்றே தெரியவில்லை. மக்கள் தொடர்பை எப்படித் திட்டமிடுவது?

பதில்: யார் நம்பினால் உங்கள் தொழில் ஓடும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடைக்காரர், விநியோகஸ்தர், பிள்ளைக்கு வாங்கித் தரும் அம்மா, உங்கள் தொழிலாளர்கள். நிருபர் இவர்களுக்கு அப்புறம்தான் வருவார். உங்கள் ஏஜென்சி கடைசி ஆளிடம் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது.

சரி, அந்த வீடியோவுக்கு வருவோம். 2003 அக்டோபரில், தீபாவளி விற்பனை சூடு பிடிக்கும் நேரத்தில், மகாராஷ்டிரத்தில் கேட்பரி டெய்ரி மில்க் சாக்லேட்டில் புழு இருப்பதாகப் புகார் எழுந்தது. கடைகளில் சரியாக வைக்காததுதான் காரணம் என்றது நிறுவனம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் புழுவைப் பார்த்தவர் காதில் அது சாக்குப்போக்காகத்தான் விழும். கடைக்காரருக்கும் பழி தன் தலையில் விழுந்தது போல இருக்கும். பிறகுதான் 'விஷ்வாஸ்' என்ற பெயரில், சாக்லேட்டை எப்படி வைக்க வேண்டும் என்று கடைக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2004 தொடக்கத்தில் உள்ளே அலுமினியத் தாள் வைத்து மூடிய புது உறை வந்தது. அந்த உறையை நம்பச் சொல்லத்தான் அமிதாப் பச்சன் வந்தார். உறையை மாற்றாமல் அவரை மட்டும் கூட்டி வந்திருந்தால் ஊரே சிரித்திருக்கும்.

ஆகவே, புகார் வந்தால் யார் பேசுவது என்று இன்றே முடிவு செய்யுங்கள், ஒரே ஒருவர் போதும். எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் பேட்ச் எண்ணைப் புகார் சொன்னவரிடம் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். விநியோகஸ்தருக்கு நீங்களே போன் செய்யுங்கள், அவர் வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. "இந்த பேட்சை நிறுத்தியிருக்கிறோம், லேபுக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவை இங்கேயே போடுவோம்" என்று எழுதுங்கள். முடிவு பாதகமாக வந்தாலும் போட வேண்டும். வீடியோ போட்டவருக்கு எடுத்த எடுப்பில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பாதீர்கள், நூறு பேர் பார்த்ததை லட்சம் பேர் பார்ப்பார்கள்.

மற்ற நாட்களில் சொல்லவும் விஷயம் வேண்டும். 'தரமே தாரக மந்திரம்' என்பதும், முதலாளி பொன்னாடை வாங்கும் படமும் செய்தி அல்ல. சாமை ஜவ்வாது மலையிலிருந்து வருகிறதென்றால், அங்குள்ள விவசாயிக்குக் கிலோவுக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அதை எழுத நிருபர் தானாக வருவார். மாதம் ஒரு நாள் ஆலையைத் திறந்து வைத்து, கடைக்காரர்களைக் குடும்பத்தோடு கூப்பிடலாம். செலவு டீ, வடையோடு முடிந்துவிடும்.

ஏஜென்சியை உடனே நிறுத்த வேண்டாம். எத்தனை பத்திரிகையில் வந்தது என்று கேட்பதை மட்டும் விடுங்கள். எத்தனை புகார் வந்தது, எத்தனை மணி நேரத்தில் பதில் போனது, சரக்கைத் திருப்பிய கடைக்காரர் மறுபடி ஆர்டர் போட்டாரா என்று அடுத்த மாத அறிக்கையில் கேளுங்கள். 'அது எங்கள் வேலை இல்லை' என்று ஏஜென்சி சொன்னால், அதே பணத்தில் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஒருவரை வாடிக்கையாளர் போனுக்கு உட்காரவையுங்கள்.