சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தால்? மின்சார, ஹைபிரிட் கார்: வாசகர் கேள்வி பதில்

புதிதாக மின்சார கார் எடுத்திருக்கிறோம். கூடவே கொடுத்த 15 ஆம்பியர் சார்ஜரை ஷெட்டில் உள்ள பாயிண்ட்டில் செருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது. ஷோரூமில் போட்டால் ஒழுங்காக ஏறுகிறது. அதே பாயிண்ட்டில் கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஓடுகிறதே?
வாசகர், பல்லடம்

கிரைண்டருக்கு எர்த் இல்லாவிட்டாலும் ஓடும். கார் சார்ஜர் அப்படியில்லை. எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மின்சாரத்தையே உள்ளே விடும். பெரும்பாலான வீடுகளில் கோளாறு சார்ஜரில் இருக்காது, சுவரில்தான் இருக்கும்.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரால் அந்த பாயிண்ட்டில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 220 முதல் 240 வோல்ட் வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. இங்கே 20, 30 என்று ஆடினால் எர்த் பிட் (மண்ணுக்குள் எர்த் இறங்கும் குழி) செத்துவிட்டது அல்லது எர்த் ஒயர் வழியில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டினால் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. ஐந்து நிமிட வேலை.

பிட் செத்திருந்தால் புதிதாகப் போடுவதுதான் வழி. இரண்டரை முதல் மூன்று மீட்டர் ஆழத்துக்குத் தாமிரப் பூச்சு ராடு, சுற்றிலும் எர்த்திங் பவுடர், அங்கிருந்து பாயிண்ட் வரை தனியாக 4 சதுர மி.மீ. தாமிர ஒயர். எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழே வந்தால் நிம்மதி. உங்கள் பக்கம் மண் காய்ந்து கிடக்கும் மாதங்களில் பிட்டுக்கு அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

ஒரு குறுக்கு வழியை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டால் சிவப்பு பச்சையாகிவிடும். சில எலெக்ட்ரீஷியன்கள் இதைச் செய்துகொடுத்துக் காசும் வாங்கிப் போகிறார்கள். என்றைக்காவது நியூட்ரல் ஒயர் அறுந்தால் காரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் நிற்கும்.

எர்த் சரியானதும் சாக்கெட்டைப் பாருங்கள். கிரைண்டர் அரை மணி நேரம் ஓடும். கார் 13, 14 ஆம்பியரை எட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். சாதாரண 15 ஆம்பியர் சாக்கெட்டில் ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அங்கே சூடு சேரும். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து மெயினை அணைத்துவிட்டு ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பின் இளஞ்சூடாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டாலோ, சாக்கெட் துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்திருந்தாலோ அன்றைக்கே மாற்றிவிடுங்கள். நீல நிற 16 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் (அதற்குப் பொருந்தும் ப்ளக்கோடு) சில நூறு ரூபாய் கூடுதல், ஆனால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

அடுக்குமாடியில் எங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் 60 மீட்டர் தூரம். 2.5 சதுர மி.மீ. ஒயர் போதும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். கரண்ட் பில் எவ்வளவு கூடும்?
வாசகி, வேளச்சேரி

ஒயர் எரிந்துவிடாது என்ற அளவில் அவர் சொல்வது சரி. ஆனால் 60 மீட்டர் என்றால் போக வர 120 மீட்டர். 14 ஆம்பியர் ஓடும்போது 2.5 ஒயரில் சுமார் 12 வோல்ட் வழியிலேயே குறையும். 4 போட்டால் அது 8 வோல்ட்டுக்கு வரும், 6 போட்டால் 5. கோடையில் ராத்திரி 205, 210 வோல்ட்தான் வரும் இடங்களில் இந்த வித்தியாசமே சார்ஜர் பாதியில் நிற்பதற்குக் காரணமாகிவிடும். பைப்பைத் திரும்பத் திரும்ப உடைக்க முடியாது. நேராக 6 போட்டுவிடுங்கள். பின்னாளில் 32 ஆம்பியர் இழுக்கும் 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டினாலும் அதே ஒயரை வைத்துக்கொள்ளலாம்.

பார்க்கிங் முனையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிபிஓ (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர்) ஒன்று அவசியம். கடையில் 'டைப் ஏசி' என்று மலிவாகக் கொடுப்பார்கள். கார் சார்ஜர் பக்கமிருந்து கசியும் நேர்மின்னோட்டம் அதைக் குருடாக்கிவிடும். குறைந்தது 'டைப் ஏ' என்று கேட்டு வாங்குங்கள்.

பில்: மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, சார்ஜ் ஏறும்போது வீணாகும் பத்துப் பதினைந்து சதவீதத்தையும் சேர்த்தால் 160 யூனிட் ஆகும். இரண்டு மாத ரீடிங்கில் 320. இந்த எண்ணிக்கையைவிட முக்கியம் 500 யூனிட் என்ற கோடு. அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கணக்கிடும் அடுக்கே மாறிவிடும். ஏற்கெனவே 250 வரும் வீடு காரால் 570-க்குப் போகிறது என்றால், மாதம் ஒன்றிரண்டு முறை ஆபீஸில் சார்ஜ் போட்டுக் கோட்டுக்குள் நின்றுகொள்வது லாபம். 7.2 கிலோவாட்டுக்குப் போவதானால் முதலில் ஈபி ஆபீஸில் வீட்டுக்கு அனுமதித்த லோடை ஏற்றி வாங்கிவிடுங்கள்.

கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் காரைச் சார்ஜ் போடலாமா?
வாசகர், கும்பகோணம்

கூடாது. 900 விஏ இன்வெர்ட்டரால் 3 கிலோவாட்டைத் தாங்க முடியாது. தாங்கினாலும் 150 ஏஎச் பேட்டரி முழுவதையும் உறிஞ்சினால் கிடைப்பது பத்துக் கிலோமீட்டர்தான்.

பத்து நாள் வெளியூர் போய்விட்டு வந்தால் கார் கதவே திறக்கவில்லை. கிளம்பும்போது பேட்டரி 70 சதவீதம் இருந்தது. அத்தனையும் எங்கே போயிருக்கும்?
வாசகர், திருநெல்வேலி

எங்கும் போகவில்லை. தீர்ந்தது பெரிய பேட்டரி அல்ல, தனியாக இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. கதவுப் பூட்டு, கம்ப்யூட்டர்கள், பெரிய பேட்டரியை இணைத்துவிடும் கான்டாக்டர் சுவிட்சுகள் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். மின்சார கார் நடுவழியில் நின்றுவிட்டது என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்தச் சின்னப் பெட்டியால் வருபவை. நம் ஊர் வெயிலில் அதன் ஆயுள் மூன்று, நான்கு ஆண்டு.

ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை உருவி ஓட்டுநர் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்குங்கள். இன்னொரு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பிளஸ்ஸைப் பிளஸ்ஸிலும், மைனஸைக் காரின் இரும்பு பாகத்திலும் கொடுத்தால் போதும். எஞ்சினைச் சுழற்ற வேண்டியதில்லை என்பதால் சின்ன ஜம்ப் ஸ்டார்ட்டரே எழுப்பிவிடும். திரையில் 'ரெடி' வந்ததும் ஒரு மணி நேரமாவது அப்படியே விடுங்கள். பெரிய பேட்டரி சின்னதை நிரப்பும். மறுநாள் காலை காரை ஆன் செய்வதற்கு முன் சின்ன பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் நல்லது. 12.2-க்குக் கீழே என்றால் பேட்டரி சார்ஜைப் பிடித்துவைக்கவில்லை, மாற்றுங்கள்.

டேஷ்கேம், ஓபிடி டாங்கிள் (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கச் செருகும் சின்னக் கருவி), வெளியில் மாட்டிய ஜிபிஎஸ் ஏதாவது இருந்தால் ஊருக்குப் போகுமுன் கழற்றிவிடுங்கள். கார் தூங்கிக்கொண்டிருக்கிறதா என்று போன் ஆப்பில் அடிக்கடி திறந்து பார்ப்பதும் அதை எழுப்பும் வேலைதான். பக்கத்து வீட்டு டீசல் வண்டியை உங்கள் காரிலிருந்து ஜம்ப் செய்து கொடுக்காதீர்கள். அந்த மின்னோட்டத்துக்கு உங்கள் கார் செய்யப்படவில்லை.

40 யூனிட் பேட்டரி கொண்ட கார். கோவையிலிருந்து ஊட்டி போய் வர முடியுமா? மேலே ஹோட்டலில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டால் இறங்குவதற்குப் பாதுகாப்புதானே?
வாசகர், கோவை

தாராளமாகப் போய் வரலாம். ஆனால் அந்த 100 சதவீதம்தான் இதில் இருக்கும் ஒரே ஆபத்து.

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை சமதளம், 35 கிலோமீட்டர், 5 யூனிட். அங்கிருந்து குன்னூர் வழியாக ஊட்டி சுமார் 50 கிலோமீட்டர். ஏறும் உயரம் ஏறக்குறைய 1,900 மீட்டர். ஆட்களோடும் மூட்டைகளோடும் 1,900 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் 11 யூனிட், உருண்டு போவதற்கு 5, 6 யூனிட். ஆக நிரம்பிய பேட்டரியோடு கிளம்பினால் 45 சதவீதத்தோடு மேலே போய்ச் சேர்வீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் சதவீதம் மளமளவென்று இறங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம். திரை காட்டும் மீதிக் கிலோமீட்டர் சமதளக் கணக்கில் வருவது, மலையில் அதை நம்பிப் பயனில்லை.

இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி வேகத்தைக் கட்டுப்படுத்தும், பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தரும். இதைத்தான் ரீஜென் என்பார்கள். மேட்டுப்பாளையம் வரும்போது செலவு போக சுமார் 3 யூனிட் கூடியிருக்கும். 45-இல் கிளம்பினால் 50-ஐத் தாண்டி வந்து சேர்ந்து, வீடு திரும்ப 40 மிஞ்சும். ஊட்டியில் சுற்றுவதற்கு வேண்டுமானால் 60, 70 வரை ஏற்றுங்கள். முழுக்க நிரப்பிவிட்டால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு உள்ளே இடமில்லை. ரீஜென் வேலை செய்யாது. பிரேக் பெடலை மட்டும் நம்பி பர்லியாறு வரை இறங்கினால் பேட் கருகும் வாசம் வரும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அவற்றின் பேட்டரி மிகச் சிறியது, சில வளைவுகளிலேயே நிரம்பிவிடும். கியரில் 'B' (பிரேக்) நிலை இருந்தால் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள், எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் அது வேண்டாம்.

என்னிடம் 2013 ரொயோட்டா அக்குவா உள்ளது. பின் சீற்றுக்குக் கீழிருந்து காற்றாடிச் சத்தம் கூடுதலாகக் கேட்கிறது. கராஜில் ஹைபிரிட் பற்றரி முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?
வாசகர், யாழ்ப்பாணம்

காற்றாடிச் சத்தம் மட்டும் என்றால் பேட்டரி மாற்றும் பேச்சுக்கு அவசரமில்லை. பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் சீட் ஓரத்தில் உள்ள வலைத்துளை வழியாகத்தான் போகிறது. அங்கே தூசியும் முடியும் பஞ்சும் அடைத்தால் விசிறி வேகமெடுத்துக் கத்தும். செல்கள் சூடாகி ஆயுள் குறையும். வலையைக் கழற்றிச் சுத்தம் செய்து, விசிறியின் இதழ்களையும் பிரஷ்ஷால் துடைக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை இது வேண்டும். அந்தத் துளையின் மேல் பை, துணி எதையும் வைக்காதீர்கள்.

எச்சரிக்கை விளக்கும் எரிந்து, ஸ்கேனரில் 'P0A80' என்ற ஹைபிரிட் பேட்டரிக் கோளாறுக் குறியீடு வந்தால்தான் பேட்டரிப் பக்கம் போக வேண்டும். அக்குவாவில் தலா 7.2 வோல்ட் கொண்ட 20 மாட்யூல்கள், மொத்தம் 144 வோல்ட். ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டே ஸ்கேனரில் ஒவ்வொரு பிளாக்கின் (மாட்யூல்கள் சேர்ந்த தொகுதியின்) வோல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 1 வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் பழுது அங்கே. அந்த மாட்யூலை மட்டும் மாற்றித் தருபவர்கள் உண்டு, செலவு குறைவு. ஆனால் மற்ற 19-க்கும் அதே வயதுதான். சில மாதங்களில் அடுத்தது விழும். காரை விற்கப் போகிறீர்கள் என்றால் ஒட்டுவேலை போதும். இன்னும் ஐந்து ஆண்டு ஓட்டுவதானால் முழுதாக மாற்றுவதே மலிவு. மாட்யூல்களை இணைக்கும் செம்புத் தகடுகள் பச்சை பூத்திருந்தாலும் இதே கோளாறு வரும் என்பதால், திறக்கும்போது அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். திறப்பவர் சர்வீஸ் ப்ளக்கை உருவிப் பத்து நிமிடம் பொறுத்து, ரப்பர் கையுறையோடு வேலை செய்பவராக இருக்கட்டும்.

ஹைபிரிட் காரை சிக்னலில் நியூட்ரலில் போடுவது நல்லதா?
வாசகி, சேலம்

வேண்டாம். டொயோட்டா வகை ஹைபிரிட்களில் நியூட்ரலில் பேட்டரி சார்ஜ் ஆகாது, ஏசி மட்டும் அதைக் குடித்துக்கொண்டிருக்கும். 'டி'-யிலேயே பிரேக்கை மிதித்து நில்லுங்கள்.

தினமும் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறார்கள். வாரம் ஒரு முறை 100 ஏற்றச் சொல்கிறது கம்பெனி. எது சரி?
வாசகர், ஓசூர்

உங்கள் பேட்டரி எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள். என்எம்சி (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது) என்றால் தினசரி 80 நல்லது; நிரம்பிய நிலையில் வெயிலில் நிற்பதுதான் அதற்குப் பகை. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) அவ்வளவு நோஞ்சான் அல்ல; வாரம் ஒரு முறை 100 என்பது இதற்குத்தான். அதன் வோல்ட்டேஜ் 30-இலும் 70-இலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், எவ்வளவு மீதி என்று காரின் கணக்கு மெல்லத் தடம் மாறும். 100-ஐத் தொட்டால்தான் கணக்கு நேராகும். அதைச் செய்யாமல் விட்டவர்களுக்குத்தான் 15 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த கார் திடீரென்று 3-க்கு இறங்கும்.

மழையில் பேஸ்மென்ட்டில் நின்ற மின்சார கார் சீட் மட்டம் வரை முழுகிவிட்டது. பேட்டரி ஐபி67 என்பதால் காயவைத்து ஓட்டலாமா?
வாசகர், பள்ளிக்கரணை

ஐபி67 என்பது புதுப் பெட்டி ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனை. சாக்கடை கலந்த தண்ணீரில் இரவு முழுவதும் நின்ற, சில ஆண்டு ஓடிய காருக்கு அது உறுதி அல்ல. 'ஸ்டார்ட்' பட்டனை அழுத்தாதீர்கள், சார்ஜரைச் செருகாதீர்கள், ஆரஞ்சு நிற கேபிள்களைத் தொடாதீர்கள். சில நாள் கழித்தும் உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீர் வடிந்ததும் முன் சக்கரமோ பின் சக்கரமோ தரையில் உருளாதபடி ஃபிளாட்பெட்டில் ஏற்றி, கட்டடத்திலிருந்து தள்ளித் திறந்தவெளியில் நிறுத்தச் சொல்லுங்கள். நீர் நின்ற மட்டம் தெரியும்படி கதவிலும் டேஷ்போர்டிலும் போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழுவாதீர்கள். முழுகிய பிறகு ஸ்டார்ட் செய்து பார்த்ததால் வந்த சேதம் என்று தெரிந்தால் கிளெய்மைக் குறைக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அதுவே போதும்.