90இல் போனால் பெற்றோல் மிச்சமா?

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் இருப்பது ஆயிரம் சீசீ கார். கிழமைக்கு ஒருக்கா ஹபரணை போய் வருவேன். மெதுவாகப் போனால் எஞ்சின் கூட நேரம் ஓடும், பெற்றோலும் கூடப் போகும், 90இல் மிதித்தால்தான் மிச்சம் என்கிறார் மச்சான். உண்மையா?"

மச்சான் சொல்வதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. சும்மா நின்று ஓடும் எஞ்சினும் பெற்றோல் குடிக்கும். சரி, எவ்வளவு? ஹபரணை ஏறத்தாழ 85 கிலோமீற்றர். 70இல் போனால் 73 நிமிடம், 90இல் 57 நிமிடம். மிஞ்சுவது 16 நிமிடம். சிறிய எஞ்சின் நின்ற இடத்தில் ஓட மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றர்கூடத் தேவையில்லை. தாராளமாகக் கணக்குப் போட்டாலும் மிச்சம் கால் லீற்றர்தான்.

அதைவிடக் கூடுதலாகக் காற்று பிடுங்கிவிடும். பக்கத்து இருக்கையில் இருக்கும் ஒரு நாள், கார் 40இல் போகும்போது உள்ளங்கையை யன்னலுக்கு வெளியே விரித்துப் பாருங்கள். 80 ஆனதும் முழங்கையே பின்னால் வளையும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. 70இல் இருந்து 90க்கு ஏறினால் 65 வீதம் கூடும். ஹபரணை வரை அதைத் தள்ளிக்கொண்டு போக, உங்கள் காருக்கு அரை லீற்றருக்கு மேல் கூடச் செலவாகும்.

இன்னொன்று, தென்மேற்கில் இருந்து வீசும் கச்சான் காற்று. அது வீசும் மாதங்களில் ஹபரணைப் பக்கம் போனால் காற்று நேரே முகத்தில் அடிக்கும். எதிர்க்காற்று 20 என்றால், 70இல் போனாலும் காருக்கு அது 90 தான். போகும்போது குடித்த பெற்றோல் வரும்போது குடிக்கவில்லையே என்று நீங்கள் யோசித்திருந்தால் காரணம் இதுதான், கராஜுக்கு ஓட வேண்டாம்.

அதற்காக 30இல் ஊர்வதும் நட்டம். பெரும்பாலான கார்களுக்கு, மேல் கியரில் சீராக ஓடும் 50 முதல் 80 வரையான வேகமே சிக்கனம். நகருக்கு வெளியே சட்டம் காருக்கு விடும் வேகமும் 70 தானே. கந்தளாய் தாண்டினால் யானை குறுக்கே வரும் பாதை அது. பொழுதுபட்ட பிறகு அங்கே 90இல் போகவே வேண்டாம்.

பிரேக்கும் பெற்றோலைத் தின்னும். முன்னால் மாடு நிற்பது தெரிந்தால் தூரத்திலேயே காலை எடுத்துவிடுங்கள். கியரில் இருக்கும்வரை இன்ஜெக்ஷன் எஞ்சின் அந்த நேரம் பெற்றோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் நிறுத்தாது. ரயர் காற்றை, ஓடுமுன் ரயர் குளிராக இருக்கும்போது பாருங்கள்.

மச்சானுக்குக் காட்டக் கணக்கு வேண்டுமா? புறப்படுமுன் ஃபுல் டாங்க் அடியுங்கள். 70இல் போய் வந்து, அதே பெற்றோல் செட்டில் அதே பம்பில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீற்றரை இரண்டாம் முறை அடித்த லீற்றரால் பிரியுங்கள். நாலு கிழமை எழுதி வையுங்கள், ஒரு தடவை போதாது.