லாச்சிக்கு அடியில் விரித்த பேப்பர்

வணக்கம் அண்ணை,

ஒரு வருசமாக நீங்கள் தினமும் எழுதுவதை வாசித்து வருகிறேன். ஒரு நாள் ஒரு சொல்லின் கதை, அடுத்த நாள் பத்திரிகைச் செய்தி, அதற்கடுத்த நாள் பழைய படம். எல்லாம் சுவைதான், ஆனால் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒன்றை மட்டும் எடுத்து ஆழமாக எழுதினால் என்ன? இன்னொன்று, முதல் சிங்களப் படம் மதுரையில் எடுக்கப்பட்டது என்று போன கிழமை எழுதியிருந்தீர்கள். வேலையிடத்தில் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. பெரியப்பாவின் வீட்டை விற்கப்போகிறோம், துப்பரவு வேலையில் நிற்கிறேன், அதனால் இவ்வளவோடு முடிக்கிறேன்.

ஒரு வாசகர், சுன்னாகம்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் மதுரை. அது உண்மை, துணிந்து சொல்லுங்கள். 1947 ஜனவரியில் வந்த ‘கடவுனு பொரொந்துவ’தான் முதல் சிங்களப் பேசும்படம். தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர், படம் பிடித்தது மதுரையில் இருந்த அவருடைய ஸ்டூடியோவில். கதாநாயகி ருக்மணி தேவி. அவருடைய இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அந்த ‘ராசம்மா’வைக் கேட்டதும் கொஞ்சம் யோசிப்பார்கள். மறுபக்கமும் இருக்கிறது. எழுபதுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துக் கதையான ‘பொன்மணி’யைத் தமிழில் எடுத்தவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களவர், இங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவர்.

சரி, ஒட்டவில்லை என்கிறீர்கள். எனக்கு இந்த மூன்றும் முதன்முதலில் கிடைத்ததே ஒரே இடத்தில்தான், அம்மம்மா வீட்டு மேசை லாச்சிக்குள், அதாவது இழுப்பறைக்குள். பாக்குவெட்டி, அலுமாரித் திறப்பு, கோயில் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் வெளியில் எடுத்து வைத்தால் அடியில் பழைய ‘ஈழநாடு’ பத்திரிகை ஒன்று விரித்திருக்கும். ஒரு மூலையைக் கரப்பான் தின்றிருக்கும். மேல் பாதியில் ஏதோ சங்கக் கூட்டச் செய்தி, கீழ்ப்பாதியில் வின்சர், ராணி தியேட்டர்களின் பட விளம்பரம், ‘தினசரி 3 காட்சிகள்’ என்று கொட்டை எழுத்தில். அதைத் தலைகீழாக விரித்திருந்தபடியால் கழுத்தைச் சரித்துத்தான் வாசிக்கவேண்டும். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக்கியதே அந்தப் பேப்பர்தான் என்றுகூடச் சொல்லலாம்.

இனி ‘லாச்சி’ என்ற சொல்லைப் பாருங்கள். பழைய இலக்கணப்படி தமிழ்ச் சொல் லகரத்தில் தொடங்காது, ஆகவே முதல் எழுத்தே அது வெளியிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒல்லாந்தரிடமிருந்து வந்த சொல் அது, அலுவலகத்தைச் சொல்கிற கந்தோரும் அப்படித்தான். யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கேயரிடம் போனது, 1658இல் ஒல்லாந்தரிடம் போனது. முன்னவர் விட்டுப்போனவை கதிரை, மேசை, அலுமாரி, குசினி, பாண். கோட்டையைக் கட்டியவர்கள் போய்விட்டார்கள், அம்மம்மா சாகும்வரை குசினிக்குள்தான் சமைத்தார். அந்த லாச்சியிலிருந்து சொல்லை மட்டும் பிரித்தெடுத்து எழுதினால் அகராதிக் குறிப்பு வரும், படத்தை மட்டும் எழுதினால் பட்டியல் வரும், அதை இழுத்துத் திறந்த கை இரண்டிலும் வராது. எனக்கு அந்தக் கை வேண்டும் தம்பி. அதனால்தான் கலந்து எழுதுகிறேன், இனியும் அப்படித்தான் எழுதுவேன்.

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது கடைசி வரி. 1981 ஜூனில் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை எல்லோரும் சொல்கிறோம், அதே நாட்களில் ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிந்தது. 1959இல் தொடங்கிய பத்திரிகை அது. வாசகசாலையில் கட்டிவைத்ததும் போய், அச்சடித்த இடத்தில் இருந்ததும் போனால் மிஞ்சுவது வீடுகளில் கிடப்பதுதான். எந்தப் படம் எந்தத் தியேட்டரில் எத்தனை நாள் ஓடியது, அந்தக் கிழமை ஊரில் என்ன பேசினார்கள் என்பதற்கெல்லாம் இப்போது நான் தேடிப்போவது இப்படியான தாள்களைத்தான்.

ஆகவே பெரியப்பா வீட்டு லாச்சிகளை முழுதாக உருவி அடியைப் பாருங்கள், அலுமாரித் தட்டுகளையும் பாருங்கள். ஒட்டியிருந்தால் உரிக்கவேண்டாம், கிழியும். திகதி தெரிகிறமாதிரி போனில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். குப்பைக்கு நெருப்பு வைக்கிற நாள் வந்தால் அதற்கு முன் ஒரு சொல் சொல்லுங்கள். சுன்னாகம் எனக்கு அரை மணித்தியாலம்தான், மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவேன்.