பக்கத்துக் கட்டில்காரரின் கார்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இதுதான். கன்னியாகுமரி மாவட்டம் கருங்கலிலிருந்து துபாய் வந்து சில மாதங்கள் ஆகின்றன. அறையில் பக்கத்துக் கட்டில்காரர் நம் மாவட்டத்துக் குலசேகரத்துக்காரர், உங்களோடு ஒரே பாலிடெக்னிக்கில் படித்தவர். அவரிடம் கார் இருக்கிறது, புது ஐபோன் இருக்கிறது, ஊரில் மேல்மாடிக்கும் கான்கிரீட் போட்டாச்சு. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது, அறை மாறிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எரியத்தான் செய்யும். ஷார்ஜாவில் பிள்ளைகளைப் படிக்க வைத்து ஆளாக்கிவிட்ட பிறகும் எனக்கு அவ்வப்போது எரியும். பொறாமையே படாதே என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் இந்த நாட்டில் கண்ணில் படுவது பாதிக்கு மேல் தவணையில் வாங்கியது. உண்மையில் பொறாமைப்பட வேண்டியது கண்ணில் படாது.

காரையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே கார் கடனுக்கு மத்திய வங்கி விதி இருக்கிறது. விலையில் 20 சதவீதம் கையிலிருந்து போட வேண்டும், மீதியை அதிகபட்சம் 60 மாதத்தில் அடைக்க வேண்டும். 50,000 திர்ஹாம் காருக்கு 10,000 முன்பணம். மீதி 40,000 அசல் மட்டுமே மாதம் 667 வரும், வட்டி தனி. அப்புறம் இன்சூரன்ஸ், பார்க்கிங், பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் சாலிக் என்ற சுங்கக் கட்டணம். தனிநபர் கடனும் அப்படித்தான்: மாதச் சம்பளத்தின் 20 மடங்கு வரை தருவார்கள், 48 மாதத்தில் திருப்ப வேண்டும். எல்லாத் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி வரை போகலாம் என்பதை நம் ஆட்கள் பாதி வரை போக வேண்டும் என்று படித்துக்கொள்கிறார்கள். ஊரில் எழும்பும் மாடிக்கும் இந்தக் கடன் போகும். வேலை போனால் கடைசியாக வரும் கணக்குப் பணத்தை வங்கி பிடித்து வைப்பதும் உண்டு.

உங்கள் நண்பர் கடனில்தான் வாங்கினார் என்று நான் சொல்லவில்லை. ரொக்கமாகவே வாங்கியிருக்கலாம். உங்களைவிட நல்ல சம்பளம் இருக்கலாம், அப்பாவுக்கு ரப்பர் தோட்டம் இருக்கலாம். அப்படியிருந்தால் அதற்கு என்னிடம் மருந்து கிடையாது.

ஆனால் இந்த எரிச்சலில் பெரும்பங்கு அறையிலிருந்து வருவதில்லை, போட்டிம் என்ற ஃபோன் ஆப்பில் வருகிறது என்பது என் எண்ணம். அம்மா கூப்பிடுவார். சாப்பிட்டாயா, குளிர் எப்படி, எல்லாம் கேட்டுவிட்டு, "மக்களே, அவன் வீட்டுல பால்காய்ப்பு வச்சிருக்கான், நம்மளையும் கூப்பிட்டிருக்கு" என்பார். குறையாகச் சொல்ல மாட்டார், செய்தியாகத்தான் சொல்வார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. நம் மாவட்டத்தில் வீடு என்பது குடியிருக்க மட்டும் கட்டுவதா என்ன? கருங்கலிலிருந்து திங்கள்சந்தை வரை பஸ்ஸில் போகும்போது பாருங்கள். டைல்ஸ் ஒட்டிய மதில், ஸ்டீல் கேட், இரண்டு கார் நிற்கும் ஷெட், மேலே பூட்டிய நான்கு அறைகள், கீழே அடுக்களைப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா. அந்த வீட்டுக்காரர் ஒருவேளை துபாயின் தேராவில், கட்டிலுக்கு மட்டும் வாடகை கொடுக்கும் பெட் ஸ்பேஸில் மேல்கட்டிலில் படுத்திருப்பார். அந்த மதிலைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் இன்னொரு பையன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுவான். நிலத்தின் சென்ட் விலை ஏறுவதற்கும் இந்தப் போட்டி ஒரு காரணம்.

லீவில் திருவனந்தபுரத்தில் இறங்கும்போது உங்களுக்கும் இது நடக்கும். பெட்டி பிரியும் நேரம் நிடோ பால்பொடி டப்பா, கோடாலித் தைலம், ஸ்ப்ரே என்று ஒவ்வொன்றாக வரும்போது சொந்தக்காரர்களின் கண்ணைக் கவனியுங்கள். இங்கே பெட் ஸ்பேஸ் ஆள், அங்கே பணக்காரர். தூத்தூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு மீன்பிடிக்கப் போகிறவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லை, பிடித்த மீனில் பங்குதான். மாதம் பிறந்ததும் உங்கள் கணக்கில் விழும் பணம் அவர்களுக்குப் பெரிய விஷயம்.

சரி, எதைப் பார்த்துப் பொறாமைப்படலாம்? முதலில் வேலை ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கும் வரி. ஒரு வருடம் முடித்தவருக்கு வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். படிகள் அந்தக் கணக்கில் சேராது. மொத்தம் 5,000 வாங்கும் இருவரில் ஒருவருக்கு அடிப்படை 3,000, இன்னொருவருக்கு 1,500 என்றால், போகும்போது பின்னவர் கையில் பாதிதான். இதை யாரும் ஸ்டேட்டஸில் போடுவதில்லை. உங்கள் தாளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், அடுத்த வேலைக்குப் பேசும்போது மொத்தத்தை விட்டுவிட்டு இந்த வரியைப் பேசுங்கள்.

அடுத்தது குடும்ப விசா. 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000-உடன் தங்குமிடம் என்பது பொதுவான வரம்பு. மனைவி பிள்ளையோடு ஒரே அறையில் இருந்தாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவரைப் பார்த்துத்தான் நான் கடுமையாகப் பொறாமைப்பட்டேன். அது உருப்படியான பொறாமை, அதற்காகத்தான் வேலை மாறினேன்.

மூன்றாவது லைசென்ஸ். கார் இருக்கட்டும், கார் ஓட்டும் உரிமம் உங்கள் நண்பரிடம் இருக்கிறதே, அதுதான் வேலைச் சந்தையில் செல்லும். சைட் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்பார்கள். நம் ஊர் லைசென்ஸை இங்கே அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், தேர்வெழுதி ஓட்டிக் காட்டித்தான் வாங்க வேண்டும். பணமும் நிறையச் செலவாகும்.

அறையை மாற்றாதீர்கள். அடுத்த அறையிலும் ஒருவர் ஏதாவது ஒன்று புதிதாக வைத்திருப்பார், அவர் நம் ஊர்க்காரராகவும் இருக்க மாட்டார். குலசேகரத்துக்காரரிடமே எந்த டிரைவிங் ஸ்கூல் நல்லது, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். ரோடு டெஸ்டில் எத்தனை தடவை தோற்றார் என்ற கதையும் அப்போது வரும்.