விடையில் கரும்பை முன்னால் வையுங்கள்

ஆப்பிரிக்கர்களை அட்லாண்டிக் கடல் கடந்து அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டுபோய் விற்ற அட்லாண்டிக் அடிமை வணிகம் பெருகப் பருத்திதான் காரணம் என்று எழுதியதை ஆசிரியர் ஏன் அடித்தார் என்று கேட்டிருந்தீர்கள். காலம் ஒத்துவரவில்லை. அமெரிக்காவில் பருத்தியைப் பெருக்கிய விதை நீக்கும் இயந்திரம் வந்தது 1793இல்; 1808இலேயே ஐக்கிய அமெரிக்கா அடிமை இறக்குமதியைத் தடைசெய்துவிட்டது. கப்பலேற்றப்பட்ட சுமார் 1.25 கோடிப் பேரில் வட அமெரிக்காவுக்கு நேரே போனவர்கள் ஏறக்குறைய 4 லட்சம்தான். (பருத்தி அங்கே அடிமை முறையை வளர்த்தது, அது வேறு கேள்வி.)

பிரேசிலையும் கரீபியன் தீவுகளையும் பாருங்கள். 1640களில் கரீபியன் தீவான பார்படோஸ் கரும்புக்கு மாறியது. வெட்டிய கரும்பை ஓரிரு நாளுக்குள் பிழியாவிட்டால் சாறு கெட்டுவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் இராப்பகலாக ஆலை ஓடும். தூக்கக் கலக்கத்தில் கரும்பு பிழியும் உருளைக்குள் அடிமைகளின் கை போய்விடும். அவர்களிடையே பிறப்பைவிட இறப்பே அதிகம். ஆள் குறையக் குறையப் புதிதாக வாங்கினார்கள். 1698இல் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி என்ற ஆங்கிலேய அடிமை வணிக நிறுவனத்தின் ஏகபோகம் போய், தனி வணிகர்கள் நுழைந்ததைப் பற்றி விடையில் ஒரே ஒரு வாக்கியம் போதும்.