கண்டிக்கு பைக்கில் போனால் மிச்சமா?

கேள்வி: கம்பளைக்கு மேலே 6 கிலோமீற்றர் தள்ளி, தோட்டத்தில் இருக்கிறோம். நான் கண்டியில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். கைக்கு 68,000 ரூபா வருகிறது, வீட்டுச் செலவு 45,000. அம்மா தோட்ட வேலையிலிருந்து நின்றுவிட்டார், தங்கை உயர்தரம் படிக்கிறாள். சீட்டெடுத்த 2 லட்சத்தை முற்பணமாகக் கட்டி, 5 லட்சத்துக்குப் பழைய பைக் ஒன்றை லீசிங்கில் எடுக்கலாமா? மாதம் 12,500 வீதம் 36 மாதம். பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் இப்போது 9,600 போகிறது. பைக் இருந்தால் நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் மிச்சம். அம்மாதான் பயப்படுகிறார்.

பதில்: தம்பி, அம்மாவின் பயத்துக்கும் ஒரு விலை போட்டுப் பார்ப்போம். அதற்கு முன் உங்கள் கணக்கு.

போய்வர 52 கிலோமீற்றர், மாதம் 25 நாள். பெற்றோல் 29 லீற்றர் போகும். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 8,700. (2022 போல வரிசை வந்தால் இந்தக் கணக்கே கிழிந்துவிடும், அதை விடுவோம்.) டயர், ஒயில், காப்புறுதிக்கு 2,500. தவணையோடு 23,700. இப்போதைய செலவைவிட 14,100 அதிகம். அதற்குக் கிடைப்பது மாதம் 37 மணித்தியாலம், அதாவது மணிக்கு 380 ரூபா. உங்கள் சம்பளமே மணிக்கு 340 ரூபா அளவில்தான் வரும். உழைக்கும் விலையைவிடக் கூடக் கொடுத்து நேரம் வாங்கப் பார்க்கிறீர்கள்.

சரி, அந்த நேரத்தில் கூடத் தூங்கலாம், அதற்கு இந்த விலை பரவாயில்லை என்பீர்கள். நானும் நான்கு வருடம் அதே பாதையில் பைக்கில் போனவன்தான். கெலிஓயா வரை ஒன்றும் தெரியாது. பேராதனைப் பாலத்தைத் தாண்டி கெட்டம்பே பக்கம் வந்தால், ஒரு பஸ் ஆளிறக்க இடது பக்கம் ஒடிக்கும், பின்னால் வருகிற பஸ் அதை முந்த வலது பக்கம் ஏறும். நடுவில் நாம். ஒரு மழை மாலையில் பிரேக் பிடித்தேன், சில்லு ரோட்டில் போட்ட, மழையில் நனைந்த வெள்ளைக் கோட்டின் மேல் இருந்தது. பைக் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சோற்றுப் பெட்டி நடுரோட்டில். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் பேனா பிடிக்க முடியவில்லை.

அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். வீடுதான் இலவசமாக ஓடாது. உங்களுக்குக் கால் முறிந்து மூன்று மாதம் படுத்தால் வீட்டுச் செலவு 1,35,000, தவணை 37,500. ஆக 1,72,500. கடை ஊழியருக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறை, 7 நாள் அமைய விடுமுறை. அதற்குப் பிறகு சம்பளம் முதலாளியின் மனதைப் பொறுத்தது. தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை 2022இல் திருத்தியபோது வேலைக்குப் போய்வரும் வழி விபத்தையும் சேர்த்தார்கள், நல்ல விஷயம். ஆனால் அந்தக் காசு வரும்வரை லீசிங்காரர் பொறுக்கமாட்டார். இதற்கெல்லாம் கைகொடுக்க வேண்டிய 2 லட்சத்தைத்தான் முற்பணமாகக் கட்டப் போகிறீர்கள். என் மறுப்பு பைக்குக்கு அல்ல, இதற்குத்தான்.

காப்புறுதியிலும் பலர் ஏமாறுகிறார்கள். கட்டாயமான மூன்றாந்தரப்புக் காப்புறுதி நீங்கள் இடித்தவருக்கு. முழுக் காப்புறுதி பைக்கையும் பார்க்கும். ஓட்டுபவரின் உடம்புக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள், பத்திரத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்று கவனித்தேன். ஆட்டோவுக்கும் செலவாகிறது என்றால், கண்டி பஸ்ஸைவிடத் தோட்டத்திலிருந்து கம்பளைக்கு இறங்குவதுதான் பெரிய சிக்கல் போல. பைக் தேவைப்படுவது அந்த 6 கிலோமீற்றருக்கு. கம்பளையில் நிறுத்திவிட்டு கண்டி பஸ்ஸில் ஏறுங்கள், இருக்கை கிடைத்தால் தூங்கவும் செய்யலாம்.

அதற்கு 5 லட்சத்துப் பைக் வேண்டாம். தவணை கட்டுவதாகவே நினைத்து, அடுத்த மாதத்திலிருந்து 12,500ஐ வங்கியில் போடுங்கள். இரண்டு மாதத்திலேயே மூச்சு முட்டினால் லீசிங்கும் முட்டியிருக்கும். ஒரு வருடம் தாண்டினால் 1,50,000 சேரும், சீட்டுக் காசோடு 3,50,000. அதில் 1,75,000ஐ, நான் சொன்ன அந்த மூன்று மாதத்துக்காக, தொடாமல் விட்டுவிட்டு, மீதிக்கு என்ன கிடைக்கிறதோ அதை முழுக் காசுக்கு வாங்குங்கள். பழையதாகவே இருக்கட்டும், தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். ஒருமுறை விழுந்த ஹெல்மெட்டின் உள்ளே நசுங்கியிருப்பது வெளியே தெரியாது.